அரைக்கட்டை

எங்கள் ஊரில் கட்டை என்றால் தூரம்.
மூன்றாங்கட்டையில் இறங்கு, ஆறாங்கட்டையில் ஏறு.
பாட்டில் கட்டை என்றால் சுருதி.
மூன்றாங்கட்டையில், விதுஷன் வீட்டுக் கராஜில்,
ஒன்றரைக்கட்டையில் தொடங்குவோம்.

இந்தப் பகிடியை நான்தான் கண்டுபிடித்தேன்.
ஜெம்சித் ஒருநாளும் சிரித்ததில்லை.

பஸ் நிலையத்துக்குப் பின்னால்
ரேடியோ திருத்துகிற கடையில்
செத்த ரிமோட்டுகள் போட்ட பெட்டிக்குள் கிடந்தது கசெட்.
ஐம்பது ரூபாய்.
நீலப் பேனையால் எழுதியிருந்தது:
கொட்பே பிரதர்ஸ். டேவிட் கலியாணம்.
பி பக்கம் அழிக்க வேண்டாம்.

பி பக்கத்தைத்தான் நாலு வருஷமாகக் கேட்கிறேன்.
கிளாசுகள் முட்டுகின்றன.
யாரோ ஒரு பிள்ளையை அதட்டுகிறார்கள்.
மழை வந்து தகரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போகிறது.
அதற்குள்ளே பேஸ் கிட்டார்,
சாராயம் போட்டவன் வள்ளத்தின் விளிம்பில் நடப்பதுபோல,
விழப்போகிறான், விழப்போகிறான்,
விழவில்லை.
இரண்டாம் சரணத்துக்கு முன் ஒருவர் இருமுகிறார்.
அந்த இருமலையும் தாளத்தோடு எண்ணி வைத்திருக்கிறேன்.

பிறகு அந்தச் சங்கதி.
கடைசிச் சரணத்தில் பாட்டு ஏறத் தொடங்கும்.
சட்டென்று அல்ல.
ஓட்டைத் தோணிக்குள் தண்ணீர் ஏறுவதுபோல.
பார்த்தால் தெரியாது,
செருப்பு மிதக்கும்போதுதான் தெரியும்.
முடிகிற இடத்தில் அரைக்கட்டை மேலே நிற்கும்,
கொஞ்சம் மூச்சும் வாங்கும்.

யார் யோசித்தான் இதை?
ஒரு மாரி முழுக்கப் பழகினோம்.
விதுஷன் கீபோர்டின் சில்லை மயிரிழையாய்த் தள்ள,
நான் நரம்பை இழுத்து இழுத்து
விரல்நுனி உரிந்து,
சோறு பிசைய எரியும்.

உனக்கு இருபத்திரண்டா எழுபத்திரண்டா
என்று டொரோண்டோவிலிருந்து மச்சாள் கேட்கிறாள்.
எனக்கு அந்தக் காலம் வேண்டாமடி.
அந்தக் காலத்தில் ஒரு பெட்டையின் கையில்
எவன் பேஸ் கிட்டாரைத் தந்தான்?
பாட்டை மட்டும் தா.
காலத்தை நீயே வைத்துக்கொள்.

பாலையூற்று மண்டபம், சனிக்கிழமை,
யாருக்கோ ஐம்பதாவது திருமண நாள்.
கடைசிச் சரணம். ஏறினோம்.
மூலை மேசையில் ஒருவர் புரியாணிக் கோப்பையை வைத்துவிட்டு
நேரே மேடைக்கு வந்தார். வெள்ளைச் சப்பாத்து.
"உந்த ஏத்தத்தை ஆர் காட்டித் தந்தது?"
கசெட் என்றேன்.
சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமினார்.

அந்த இருமல்.
அரைக்கட்டை இறங்கியிருந்தது,
ஆனால் அதே இருமல்.

"பற்றறி, மகள்," என்றார் எரோல் பார்த்தலொட்.
"ரெக்கோடருக்குப் பற்றறி செத்துக்கொண்டு வந்தது.
மெல்லமாய்ப் பதிஞ்சால், போடேக்க ஓடும்.
நாங்கள் நிண்ட இடத்திலதான் நிண்டு வாசிச்சனாங்கள்.
நான்தான் பேஸ்."

எந்தக் கிட்டார், எந்த நரம்பு,
அந்த டேவிட் இப்போது எங்கே என்று
நான் கேட்டிருக்க வேண்டும்.
கேட்கவில்லை. அவரும் அந்தக் கதையில் நிற்கவில்லை.
போனை எடுத்து, இந்த மாதம் வந்த ஒரு பாட்டைக் காட்டினார்.
"இது வாசிப்பியளோ?
பழசெல்லாம் எனக்கு அப்பவே அலுத்துப்போச்சு."

எனக்குத் தெரியாத பாட்டு.
விதுஷனுக்குத் தெரியும்.
அவன் பின்னால் நான் தடவித் தடவி வர,
வெள்ளைச் சப்பாத்து ஆடியது,
ஒரு தாளம் பிசகாமல்.

திரும்பும்போது கோட்டையடியில்
மான்கள் வீதியை மறித்துப் படுத்திருந்தன.
ஓட்டோக்காரர் ஹோன் அடிக்காமல் காத்திருந்தார்.
முழங்காலுக்கிடையில் கிட்டார்.
"பிழை எண்டு தெரிஞ்சுபோச்சு,
இனி நேராய் வாசிப்பமா?" என்றான் ஜெம்சித்.

கடைசி மான் எழும்பும்வரை யோசித்தேன்.

இல்லை, ஏறுவோம்.
ஆனால் இன்றைக்கு அவசரப்பட்டுவிட்டாய் நீ,
இரண்டாம் வரியிலேயே ஓடத் தொடங்கிவிட்டாய்.
பற்றறி அப்படிச் சாகாது.